அழகு வாரியம் உடைத்த நடுச்சுவர்

புக்கிட் கெலாபு தேயிலைத் தோட்டத்தில் அழகுக்காக உடைந்த முதல் எலும்பு கந்தசாமியுடையது. தோள்பட்டை எலும்பு. அவர் தன் கண்ணாடி அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதால் இரண்டையும் தனித்தனியாக உடைக்க முடியாமல் போய்விட்டது என்று அழகு வாரியம் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் அலமாரிக்கா எலும்புக்கா என்று கேட்கிற நிலையில் கந்தசாமி அப்போது இல்லை.

வாரியம் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கேமரன் மலைக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் முன்பெல்லாம் தேயிலையைப் படம் பிடிப்பார்கள், ஸ்ட்ராபெர்ரி தின்பார்கள், இறங்கிப் போய்விடுவார்கள். பிறகு அவர்களுக்குத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கிற ஆசை வந்தது. உள்ளே என்ன இருந்தது? பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய, நிறம் மாறி மாறி மினுங்கும் விளக்குப் பட்டி. சுவர் முழுக்க அருவி கொட்டும் ஸ்டிக்கர். ஊதா நிற சோபா, அதற்கு மேலே பிளாஸ்டிக் திராட்சைக் குலை. மலை காலகாலமாகப் பச்சையாக இருக்கிறது, வீட்டுக்குள் போன மாதத்து ஊதா இருக்கிறது என்று கம்பெனிக்கு மானம் போய்விட்டது. உடனே ‘தோட்டக் குடியிருப்பு நிலைத்த அழகு வாரியம்’ பிறந்தது. ‘ஃபேஷன் போகும், அழகு நிற்கும்’ என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கைதான். நிற்க வேண்டியதை நிற்க வைப்பதற்காக வாரியம் கனமான சம்மட்டிகளையும், அவற்றைத் தூக்கத் தடித்த ஆட்களையும் வாங்கியது. அவர்களுக்கு அமலாக்கப் பிரிவு என்று பெயர். அந்தப் பிரிவுக்குச் சசிதரன் அதிகாரி. வாரியத்துக்கே தலைவி நீலாவதி மேடம்.

தோட்டத்து மண்டபத்தில் நீலாவதி மேடம் முதல் உரை ஆற்றினார். “அன்பான மக்களே, நாங்கள் உங்கள் வீட்டை உடைக்க வரவில்லை. வீட்டுக்குள் புகுந்துவிட்ட நாகரிக மோகத்தை உடைக்க வந்திருக்கிறோம். இடையில் வீடு அகப்பட்டுக்கொண்டால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. அழகு என்பது மென்மையானது. அதை மென்மையாகச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.” எல்லோரும் கைதட்டினார்கள். கந்தசாமி ஒரு கையால் தொடையைத் தட்டினார்.

பவளத்தின் வீட்டுக்கு அமலாக்கப் பிரிவு வந்தபோது அவள் மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து பார்த்தால், ஊதா சோபா வாசலில் மல்லாந்து கிடக்கிறது. ஒருவன் அதன் வயிற்றில் கோடரியைப் போட்டுக்கொண்டிருக்கிறான். உள்ளேயிருந்து துள்ளி வந்த ஸ்பிரிங் அவன் புருவத்தைக் கிழித்தது. அதைப் பவளத்தின் குடும்பம் காட்டிய எதிர்ப்பாக வாரியம் எடுத்துக்கொண்டு, சமையல்கட்டு அலமாரியையும் சேர்த்து வெட்டியது. பவளத்தின் புருஷன் அமிர்தலிங்கம், தோட்டத்துக் கொழுந்து லாரி ஓட்டுகிறவர், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர், வெட்டுப்பட்ட சோபாவின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“விடுங்க, சோபாதானே” என்றாள் பவளம்.

“சோபாவா? அதுல உக்காந்துதான்லா நான் மனுசனா இருந்தேன்.”

அடுத்து வெள்ளை வந்தது. வெள்ளைதான் காலத்தால் அழியாதது என்று வாரியம் கண்டுபிடித்து, சுவர், கதவு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தது. விறகடுப்பு எரிகிற வீடு, செம்மண் ஒட்டிய பூட்ஸ் நுழைகிற வீடு, ஜன்னல் வழியே பனி வந்து படுத்துக்கொள்கிற வீடு. வெள்ளை கொஞ்ச நாளில் தேயிலைத் தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. சசிதரன் கைக்குட்டையால் சுவரைத் துடைத்துப் பார்ப்பார். அழுக்கு ஒட்டினால் அந்த வீட்டு ஆம்பளைக்குக் கன்னத்தில் ஓர் அறை விழும். அறையை அவர் தண்டனை என்று சொல்வதில்லை, நினைவூட்டல் என்பார்.

பிறகு ஒருநாள் வெள்ளையும் குற்றமாகிவிட்டது. “கோலாலம்பூரில் எல்லோரும் வெள்ளை அடித்துவிட்டார்கள். எல்லோரும் செய்கிற ஒன்று எப்படி நிலைத்த அழகாக இருக்க முடியும்?” என்று நீலாவதி மேடம் கேட்டார். அடித்தது நீங்கள்தானே என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் கையில் கட்டோடு இருந்தார்கள். இப்போது வெறும் சிமெண்ட்தான் அழகு. உளியும் சுத்தியலும் வந்தன. பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். பவளத்தின் அடுத்த வீட்டுக்காரர் செல்லையா, ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்துகிற அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர், உளி பிடித்தவனின் காதைக் கடித்துவிட்டார். பாதிக் காதுக்கு ஈடாக வாரியம் அவருடைய ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு போனது.

இத்தனைக்கும் பவளம் வாய் திறக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். நடுச்சுவர் நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் சரி.

லயத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே நீளக் கூரை, உள்ளே வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பவளத்தின் வீட்டு நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் அமிர்தலிங்கம், அந்தப் பக்கம் செல்லையா. செல்லையா பவளத்தின் கூடப் பிறந்த அண்ணன், பெண்சாதியை இழந்த தனியாள். மச்சான்கள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். ஒரு சித்திரைத் திருவிழாவில் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் முதல் மாலை யாருக்கு என்பதில் பேச்சு தடித்தது. செல்லையா சிதறு தேங்காயை மச்சான் வாயில் உடைத்தார். அமிர்தலிங்கத்துக்கு முன்பற்கள் இரண்டு போயின. அவர் மேளக்காரரின் குச்சியைப் பிடுங்கி செல்லையாவின் விரலை முறித்தார். ஒருவர் தலை இன்னொருவர் கண்ணில் பட்டால் கொலைதான் என்று அம்மன் முன்னால் இருவருமே சத்தியம் செய்தார்கள். சாமிமேல் செய்த சத்தியம் என்பதால் அதை மீற இருவருக்கும் பயம்.

அன்றிலிருந்து ஒருவர் காலை ஷிப்ட், ஒருவர் மாலை ஷிப்ட். ஒருவருக்கு முன்வாசல், ஒருவருக்குப் பின்வாசல். மற்ற நேரமெல்லாம் சுவர் பார்த்துக்கொண்டது. பவளம் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் பின்பக்கமாக அண்ணனுக்குப் போகும். அவர் அந்தக் கிண்ணத்தைச் சுவரில் தட்டி, நன்றாக இருக்கிறது என்று தெரிவிப்பார். அந்தத் தட்டல் கேட்டால் அமிர்தலிங்கம் முறைப்பார், ஆனால் சுவரைத்தான் முறைப்பார். அந்தச் சுவரில் அழகு என்று எதுவுமில்லை. அது இரண்டு ஆம்பளைகளை உயிரோடு வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சுவரில் சசிதரன் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டார். திறந்தவெளி அமைப்பு வருகிறது, இரண்டு வீடு ஒரு கூடமாகும் என்றார். பவளம் கொழுந்துக் கூடையைப் போட்டது போட்டபடி வாரிய அலுவலகத்துக்கு ஓடினாள்.

“உட்காருங்க பவளம்” என்றார் நீலாவதி மேடம். “அந்த நாற்காலியில வேணாம். அது நிலைத்த அழகு.”

பவளம் நின்றுகொண்டே சொன்னாள். “மேடம், சோபாவ வெட்டுனீங்க, ஒன்னும் சொல்லல. பூச்செல்லாம் கொத்துனீங்க, குளிர்ல நடுங்கிக்கிட்டு கெடந்தோம். அந்த நடுச்சுவர மட்டும் விட்டுருங்கலா. அந்தப் பக்கம் எங்கண்ணன், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரரு. சுவரு போச்சுன்னா ரெண்டுல ஒன்னு செத்துரும். மிச்சம் இருக்கறது ஜெயிலுக்குப் போயிரும். எனக்கு ரெண்டும் வேணும் மேடம்.”

“சுவர் என்பதே ஒரு ஃபேஷன்தான் பவளம். ஆதிமனிதன் குகையில வாழ்ந்தான். அங்க சுவர் இருந்ததா?”

“குகைன்னா சுத்தியும் சுவருதானே மேடம்?” பவளம் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

சசிதரன் தலையை ஆட்டிக்கொண்டார். “இப்படிக் கேள்வி கேக்கறதும் இப்போ புதுசா பரவுற ஃபேஷன் மேடம். கவனிக்கணும்.”

நீலாவதி மேடம் கருணையோடு குனிந்தார். “நாங்க மனிதர்களைச் சேர்த்து வைக்கிறோம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா அன்பு வளரும். என் வீட்டுல ஆளுக்கொரு ரூம். என் கணவரை நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு. சுவர் எவ்வளவு கொடுமைன்னு எனக்குத்தான் தெரியும். அதனால உங்க சுவரை உடைக்கிறேன்.”

“உங்க சுவர உடைக்கலியா மேடம்?”

“என் வீட்டுக்கு வாரியத்தோட அதிகாரம் இல்ல பவளம்.”

எனக்கு இந்த இடத்தில் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் வாரியத்தின் கதையைச் சொல்லும்போது நிதானம் வேண்டும் என்பதால் மேலே போகிறேன்.

உடைக்கிற நாளன்று ஷிப்ட் பார்க்காமல் இருவரையும் வேலைக்கு அனுப்பிவிட்டு, பவளம் புருஷனின் பாராங் கத்தியையும் அண்ணனின் அடுப்புக் கம்பியையும் எடுத்து விறகுக் குவியலுக்கு அடியில் ஒளித்தாள். சம்மட்டிகள் இறங்கின. பழைய காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கட்டு. லேசில் விழவில்லை. ஒருவனுக்கு மணிக்கட்டு பிசகியது. இன்னொருவன் காலில் செங்கல் விழுந்து நகம் கழன்றது. சுவர் சாய்ந்தபோது கூரைத் தகரம் ஒரு முறை முனகியது. அதற்கு முட்டாக ஒரு மூங்கிலை நட்டு, இயற்கையோடு இணைந்த தூண் என்று பெயர் வைத்தார்கள். விறகுக் குவியல் பார்வைக்கு உறுத்தலாக இருக்கிறது என்று அதை அள்ளி வெளியே கொட்டினார்கள். அடியில் இருந்த பாராங்கையும் கம்பியையும் பார்த்து நீலாவதி மேடம் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

“எவ்வளவு நேர்மையான பொருட்கள்! உழைப்பின் நினைவு! எதிரெதிர் சுவரில் மாட்டுங்கள். கைக்கு எட்டுகிற உயரத்தில்.”

“மேடம், கையெடுத்துக் கும்பிடறேன், அத மட்டும் மாட்டாதீங்க” என்றாள் பவளம்.

“அலங்காரத்தில் தலையிடாதீங்க” என்றார் சசிதரன்.

தூசு அடங்குவதற்குள் திறப்பு விழா. படம் பிடிக்க ஆள் வந்திருந்தார். கம்பெனிப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். அமிர்தலிங்கத்தை லாரியிலிருந்தும் செல்லையாவை ஃபேக்டரியிலிருந்தும் வரவழைத்திருந்தார்கள். ஒருவர் முன்வாசலால் நுழைந்தார், ஒருவர் பின்வாசலால் நுழைந்தார். திருவிழாவுக்குப் பிறகு முதல் முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவருக்கும் முடி நரைத்திருந்தது. அது இருவருக்குமே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்கள். சத்தியத்தை நினைவுபடுத்த யாரும் இல்லாவிட்டால் ஒருவேளை அப்படியே நின்றிருப்பார்கள்.

நீலாவதி மேடம் தட்டிலிருந்து மாலையை எடுத்தார். இந்த மக்களைப் பற்றி வாரியத்துக்கு எல்லாமே தெரியும், ஒன்றைத் தவிர. தட்டில் ஒரு மாலைதான் இருந்தது.

“இனி இது ஒரே வீடு. ஒரே வீட்டுக்கு ஒரே தலைவர். இந்த வீட்டுத் தலைவருக்கு முதல் மாலையை அணிவிக்கிறேன். வாங்க.”

இருவரும் ஒரே நேரத்தில் கால் எடுத்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கடினம். மாலை இரண்டாகக் கிழிந்தது. சமாதானம் பேச வந்த சசிதரனின் மூக்கில் அமிர்தலிங்கத்தின் முழங்கை இறங்கியது. செல்லையா மச்சானின் தலையைப் பிடித்து வெறும் சிமெண்ட் சுவரில் மோதினார். பூச்சு இல்லாத சுவர் தோலை நன்றாக வழித்தது. அமிர்தலிங்கம் மீதமிருந்த பற்களால் அவர் தோளைக் கவ்வினார். இயற்கையோடு இணைந்த தூண் இருவர் மேலும் விழுந்தது. எழுந்தபோது அலங்காரங்கள் கைக்கு எட்டின.

“இன்னிக்கு ஒன்ன வெட்டாம விடமாட்டேன்டா!”

“வாடா, வாடா பாப்போம்!”

தரையில், சுவர் இருந்த இடத்தில், செங்கல் தூள் ஒரு கோடாகக் கிடந்தது. பவளம் ஓடிப்போய் அந்தக் கோட்டின் மேல் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். பாராங் அவள் இடது முன்கையில் விழுந்தது. கம்பி வலது தோளில் விழுந்தது. இரண்டும் வேறு யாருக்கோ புறப்பட்டவை. ரத்தம் சுவரில் விசிறியடித்தது.

“தங்கச்சி!” என்று செல்லையா கம்பியைப் போட்டார். அமிர்தலிங்கம் பாராங்கைப் போட்டுவிட்டு, தன் சட்டையைக் கிழித்து அவள் கையில் சுற்றச் சுற்ற, அது நனைந்துகொண்டே வந்தது. “ஒன்ன இல்ல பவளம், ஒன்ன இல்ல” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் வாரியத்தின் வேன் நின்றது. அதன் இருக்கைகள் வெள்ளை, வெள்ளைக் காலத்தில் வாங்கியவை. மேடம் யோசித்தார். அதற்குள் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவந்த லாரியை மச்சான்கள் சாலையில் விழுந்து மறித்து, அவளைக் கோஸ் மூட்டைகளுக்கு நடுவே கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு சசிதரன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையில் துணியோடு சுவரிடம் போனார்.

“தொடாதீங்க” என்றார் நீலாவதி மேடம். சுவரில் சிவப்பு, சாம்பல் சிமெண்டின் மேல் மேலிருந்து கீழாக விசிறி, ஓரங்களில் பழுப்பாகிக்கொண்டிருந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இது எந்தக் கடையிலும் கிடைக்காது. யாராலும் நகல் எடுக்க முடியாது. இதைத்தான் நாம் இத்தனை நாளாகத் தேடினோம். வார்னிஷ் அடிங்க.”

கம்பெனிப் பெரியவர்கள் ஆமோதித்தார்கள். மற்ற லயங்களுக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டார்கள். மறுநாள் முதல் சசிதரன் லயம் லயமாகப் போய், யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை என்று அன்பாக விசாரிக்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்படி ஆனது என்று கேட்டார். “வீட்ல சுவரு இல்லீங்க, அதான்” என்றாள் பவளம். போலீஸ்காரருக்கும் அதையே சொன்னாள். அவர் அதற்குச் சட்டத்தில் இடம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை, மச்சான்களைத் திட்டி அனுப்பிவிட்டார். பாராங்கையும் கம்பியையும் அவர் எடுத்துப் போகவிருந்தபோது, அவை வாரியத்தின் அலங்காரப் பொருட்கள் என்று சசிதரன் எழுதிக் கொடுத்து மீட்டு, பழைய இடத்திலேயே மாட்டிவிட்டார்.

கையில் கட்டோடு பவளம் வீட்டுக்கு வந்தாள். தன் ரத்தம் பளபளவென்று மின்னுவதைப் பார்த்தாள். கூடத்தின் ஒரு மூலையில் புருஷன், மறு மூலையில் அண்ணன், இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சுவர கட்டுங்க” என்றாள்.

சாலை ஓரத்தில் கொட்டியிருந்த பழைய செங்கற்களை இருவரும் கூடைகூடையாக அள்ளி வந்தார்கள். ஒருவர் சிமெண்ட் குழைத்தார், ஒருவர் கல் வைத்தார். அந்தப் பக்கம் செல்லையா, இந்தப் பக்கம் அமிர்தலிங்கம். முழங்கால் உயரம் வரை பேச்சில்லை. இடுப்பு வரை பேச்சில்லை. முகம் மறைந்தது. கடைசி வரிசைக்குக் கல் வைக்கும்போது அமிர்தலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“மச்சான், அந்தப் பக்கம் நேரா இருக்கா?”

அந்தப் பக்கம் கல்லைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

“இருக்கு மச்சான். நீ வை.”

பவளம் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள்.

ரத்தச் சுவரைக் காட்ட விருந்தாளிகளோடு வந்த நீலாவதி மேடம், வழியை மறித்துக்கொண்டு நின்ற புதிய சுவரில் முட்டிக்கொள்ளப் பார்த்தார். பவளம் கட்டுப்போட்ட கையோடு ஓடி வந்தாள். மேடம் கோபப்படவில்லை. கையால் தடவினார். பூச்சு இல்லை, சாயம் இல்லை. கல்லுக்குக் கல் நடுவே சிமெண்ட் பிதுங்கியிருந்தது. தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“யார் வடிவமைச்சது?”

“சுவரு மேடம். சும்மா சுவரு” என்றாள் பவளம்.

“சசி, பாருங்க. எந்த ஃபேஷனும் இல்ல. எப்போ பார்த்தாலும் இப்படியேதான் இருக்கும். அந்த ரத்தம்கூட இதுக்கு முன்னால கொஞ்சம் ஆடம்பரமாத் தெரியுது. இதுதான் நிலைத்த அழகு! எல்லா லயத்துக்கும் இது வேணும்.” விருந்தாளிகள் மெல்லக் கைதட்டினார்கள். பவளத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேடம் தொடர்ந்தார். “இது எப்படி இவ்வளவு உறுதியா நிக்குதுன்னு நாம தெரிஞ்சுக்கணும். உடைச்சுப் பாருங்க.”

“உடைக்காதீங்க மேடம்.”

“உடைக்காம எப்படித் தெரிஞ்சுக்கறது பவளம்? நாங்க வாரியம்.”

அமலாக்கப் பிரிவு இரண்டாகப் பிரிந்து சுவரின் இரண்டு பக்கமும் போனது. முதல் சம்மட்டி விழுந்து ஒரு கல் பெயர்ந்தது. பாயில் படுத்திருந்த அமிர்தலிங்கம் எழுந்து உட்கார்ந்தார். எதிர்ச் சுவரிலிருந்து பாராங்கைக் கழற்றினார். அந்தப் பக்கம் கம்பி ஆணியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

“மச்சான், அங்க எத்தன பேரு?”

“நாலு பேரு மச்சான். அங்க?”

“இங்க மேடத்தோட சேத்து ஆறு.”

“சரி மச்சான்.”

சசிதரன் மூக்கைப் பொத்திக்கொண்டார். நீலாவதி மேடம் சுவரோடு ஒட்டி நின்று கத்தினார். “பவளம்! பவளம், நடுவுல வாங்க! அவங்களைத் தடுங்க!”

பவளம் கட்டுப்போட்ட கையை மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, புருஷனுக்கு வழிவிட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.